ஸ்டீவ் ஷெர்லி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்டீவ் ஷெர்லி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1962இல் ஆறு பவுண்டு முதலீட்டில் பிரிட்டனில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கி, வீட்டிலிருக்கும் பெண்களை வைத்தே அதை வளர்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். வியப்பாக இருந்தது. கூடவே சில சந்தேகங்கள். ஆண் பெயரில் கையெழுத்துப் போட்டு ஆர்டர் பிடித்ததை எப்படிச் சாதனை என்பது? அது சமரசம்தானே? ஊழியர்களை நம்பினார் என்கிறீர்கள். நல்ல மனசுள்ள முதலாளி அமைந்தது அவர்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதானே?

நான் ஒரு சின்ன மென்பொருள் குழுவுக்குத் தலைவி. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் கணினியில் திரையை அவ்வப்போது படம்பிடிக்கும் மென்பொருளைப் போடச் சொல்கிறார் என் மேலாளர். அவரிடம் ஷெர்லி கதையைச் சொன்னேன். “அதெல்லாம் அந்தக் காலம்” என்று சிரித்துவிட்டார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சமரசம்தான், மறுக்கவில்லை. ஸ்டெஃபனி ஷெர்லி என்று கையெழுத்திட்டு அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. ‘ஸ்டீவ்’ என்று போட்டுப் பார் என்று யோசனை சொன்னவர் கணவர் டெரெக். பதில்கள் வரத் தொடங்கின. வந்திருப்பது பெண் என்று அவர்களுக்கு உறைப்பதற்குள் இவர் உள்ளே போய்க் கைகுலுக்கியிருப்பார். கணவரின் சம்மதம் இல்லாமல் தன்னால் ஒரு வங்கிக் கணக்குக்கூடத் தொடங்க முடியாத காலம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

தவிர, பெயர் மாறுவது அவருக்குப் புதிதும் அல்ல. 1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் பிறந்தபோது அவர் வேரா புக்தால். அப்பா யூதர், அதனாலேயே நீதிபதிப் பதவியை இழந்தவர். 1939 ஜூலையில், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு, நாஜிகளிடமிருந்து யூதக் குழந்தைகளைக் காப்பாற்றி அனுப்பிய ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ ரயிலேறி இங்கிலாந்துக்கு வந்து, முன்பின் தெரியாத ஒரு தம்பதியின் வீட்டில் வளர்ந்தார். பதினெட்டு வயதில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபோது ஸ்டெஃபனி புரூக் ஆனார். இவ்வளவுக்குப் பிறகு ஒரு கையெழுத்தை மாற்றுவது அவருக்குப் பெரிய இழப்பாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நல்ல மனசை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் (புரோகிராம்) எழுதித் தர முடியாது. அந்த வேலையை ஷெர்லியின் நிறுவனத்துப் பெண்கள்தான் வீட்டிலிருந்தபடி செய்துகொடுத்தார்கள். எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்கு நிரல் எழுத கணினி தேவையில்லை; காகிதமும் பென்சிலும் போதும். முதலில் செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாகக் காட்டும் பாய்வுப்படமாக வரைவார்கள். பிறகு அதைப் பெரும்பாலும் கணினிக்கு நேரடியாகப் புரியும் இயந்திர மொழியிலேயே, வரிவரியாகக் கையால் எழுதுவார்கள். எழுதிய தாள்கள் தபாலில் போகும். தரவு மையத்தில் ஒருமுறை அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடுவார்கள். சரிபார்ப்பதற்காக இன்னொரு முறை அதே வேலையைச் செய்வார்கள். அதற்கப்புறம்தான் கணினியின் பக்கமே அது போகும். கணினி நேரம் விலை உயர்ந்தது. ஒரு பிழை விட்டால் திரும்ப ஒரு தபால் சுற்று. ஆகவே எழுதியவரே தாளை வைத்துக்கொண்டு மனதுக்குள் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்ட வேண்டும். இந்த வேலையை அலுவலக மேசையில் செய்தால் என்ன, சாப்பாட்டு மேசையில் செய்தால் என்ன? ஷெர்லி கண்டுகொண்டது இதைத்தான். (அவர் ஒருவர்தான் கண்டுகொண்டார் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் எல்சி ஷட் 1950களின் கடைசியிலேயே, வீட்டிலிருந்து நிரல் எழுதும் தாய்மார்களை வைத்து ஒரு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை.)

ஷெர்லியின் ஆரம்பகால ஒப்பந்தங்களில் ஒன்று மென்பொருள் பணிகளை நிர்வகிப்பதற்கான விதிமுறைகளை எழுதித் தருவது. எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் தங்கள் வேலைக்கும் அதையே பயன்படுத்தினார்கள். ஆண்டுக்காண்டு புதுப்பிப்பதற்கும் பணம் வாங்கினார்கள். பின்னாளில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவே அந்த விதிமுறைகளை ஏற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட விதிமுறைகளின் வேலை என்ன? பணியை எத்தனை கட்டமாகப் பிரிப்பது, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கையில் என்ன இருக்க வேண்டும், அதை யார் சரிபார்ப்பது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. அது இருந்தால் ஒருத்தி காலையில் எழுதுகிறாளா, குழந்தை தூங்கியபிறகு எழுதுகிறாளா என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஷெர்லி ‘நம்பினார்’ என்பதன் பின்னால் இவ்வளவு கறார் இருந்தது. எனக்கு அவரிடம் பிடித்ததும் இந்தக் கறார்தான்.

வாடிக்கையாளரிடம் மட்டும் வீட்டை மறைத்தார். தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு பின்னணியில் ஓடவிடுவாராம்!

அதற்காக அவரைத் தேவதையாக்க வேண்டாம். திருமணத்தாலோ முதல் பிரசவத்தாலோ வேலையை விட்ட, ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்த பெண்களைத்தான் தேடினார். வீட்டில் தொலைபேசி வசதி உண்டா என்பதே நேர்காணலில் ஒரு கேள்வி. அன்று எல்லா வீட்டிலும் தொலைபேசி கிடையாது. வந்தவர்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தத்துக்கு எழுதியவர்கள். வேலை இல்லாத மாதத்தில் வருமானமும் இல்லை. மற்ற நிறுவனங்கள் தூக்கிப்போட்ட திறமையைப் பொறுக்கியெடுத்து லாபம் பார்த்தார் என்று ஒருவர் சொன்னால் அதில் உண்மை உண்டு. முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். 1975இல் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கே முன்னுரிமை என்பது சட்டவிரோதமாகிவிட்டது. பெண்களைக் காக்க வந்த சட்டத்தால் ஆண்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

ஷெர்லி ஊழியர்களுக்கு நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்ததை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ‘நல்ல மனசு’ என்ற சொல்லுக்குக் கொஞ்சமாவது இடமிருப்பது அங்கேதான். யாரிடமும் பணம் வாங்காமல், தன் பங்கிலிருந்து எடுத்து, நிறுவனத்தின் கால்பங்கை ஊழியர்கள் கைக்கு மாற்றினார். 1993இல் ஓய்வு பெற்றார். 1996இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்குப் போனது. அவரோடு உழைத்தவர்களில் எழுபது பேர் மில்லியனர்கள் ஆனார்கள் என்பதைத்தான் எல்லோரும் தலைப்பாக்குகிறார்கள். எனக்கு அந்தக் கால்பங்கே பெரிதாகப் படுகிறது. எழுபது என்பது சந்தை போட்ட கணக்கு. கால்பங்கு அவரே எடுத்த முடிவு.

இந்த ஆண்டுகள் முழுக்க வீட்டில் வேறொரு வாழ்க்கையும் ஓடிக்கொண்டிருந்தது. 1963இல் பிறந்த ஒரே மகன் ஜைல்ஸுக்குத் தீவிர ஆட்டிசம். கற்ற பேச்சையும் குழந்தைப் பருவத்திலேயே இழந்தான். வளர வளரச் சமாளிக்க முடியாமல் போய், பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்தான். ஷெர்லியே ஒரு கட்டத்தில் மனமுடைந்து சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. மகனை மருத்துவமனையிலிருந்து மீட்டு ஒரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அவர் எடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் கிங்வுட் அறக்கட்டளை. 1998இல், 35 வயதில், ஜைல்ஸ் வலிப்பில் இறந்துபோனான். அதே காலத்தில் ஷெர்லி உருவாக்கிய பிரயர்ஸ் கோர்ட் பள்ளி ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கானது. சொத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, 2025 ஆகஸ்டில் தன் 91வது வயதில் காலமானார்.

இனி உங்கள் மேலாளர். அவரிடம் தட்டச்சு ஓசைக் கதையைச் சொல்லாதீர்கள். சொன்னால் “பார்த்தாயா, அவரே ஏமாற்றியிருக்கிறார்” என்பார். நேட்டோ விதிமுறைகளைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் குழுவின் இந்த மாத வேலைகளை எடுத்து, எது முடிந்தால் ‘முடிந்தது’ என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராத இடங்களை வட்டமிட்டு, அந்தத் தாளோடு அவரைப் போய்ப் பாருங்கள். திரையைப் படம்பிடித்தால் இந்த வட்டங்களில் எதற்கு விடை கிடைக்கும் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.