நூலக பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டால் என்ன செய்வது?

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பதினான்கு வருடமாக நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளைப் புத்தகம் பக்கம் இழுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

என் பையன் எட்டாவது. கதைப் புத்தகம் ஏழெட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எதை வாங்கினால் படிப்பான்?

அம்மா, நீங்கள் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். கிளை நூலகத்துக்கோ புத்தகக் காட்சிக்கோ அவனையே கூட்டிப்போய் விட்டுவிட்டு, நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். அவன் எடுப்பது உங்களுக்குப் பிடிக்காது, அதற்கும் தயாராக இருங்கள். என்னிடம் ஒரு பையன் பாம்புகள் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துப்போய் இரண்டு மாதம் திருப்பித் தரவே இல்லை. வாரா வாரம் வந்து "இன்னும் முடிக்கல டீச்சர்" என்பான். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் பள்ளிக்குப் பின்னால் வயலில் ஒரு சாரை வந்து எல்லோரும் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அவன் குறுக்கே போய் நின்று "அதுக்கு விஷமே கிடையாது, எலியத்தான் தின்னும், விடுங்க" என்று கத்தினான். கதை படித்தால்தான் வாசிப்பு என்று யார் சொன்னது? உங்கள் பையனுக்கு கிரிக்கெட் பிடிக்கும் என்றால் பேப்பரின் கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்கட்டும். காமிக்ஸ் என்றாலும் சரி.

நானும் அரசுப் பள்ளி ஆசிரியர்தான். கால அட்டவணையில் நூலக பீரியட் இருக்கிறது, ஆனால் கணக்கு வாத்தியார் போர்ஷன் முடிக்க வாங்கிக்கொள்கிறார். புத்தகமெல்லாம் பீரோவில், சாவி எச்.எம். அறையில். தொலைந்தால் நம் தலையில் விழுமே என்று யாரும் திறப்பதில்லை.

சார், இது நம் எல்லோர் வீட்டுக் கதை. நான் பொறுப்பு எடுத்தபோது பீரோவைத் திறந்தால் கரையான் வாசம்தான் வந்தது, பாதிப் புத்தகத்தில் பக்கங்கள்கூட வெட்டிப் பிரிக்கப்படவில்லை. வராந்தாவில் இரண்டு தூணுக்கு நடுவே நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப் வாங்கி, மெல்லிய புத்தகங்களாக நாற்பதைத் தொங்கவிட்டேன். இடைவேளையில் யாரும் எடுக்கலாம். பதிவு நோட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கையில், நான் அதைத் தொடுவதே இல்லை. என்னைவிட அவர்கள் கறார். அந்த வருடம் ஆறு புத்தகம் திரும்பவில்லை. எச்.எம். முகம் சுளித்தார்தான். ஆனால் பூட்டி வைத்த காலத்தில் கரையான் தின்றது அதைவிட அதிகம் என்று கணக்குக் காட்டியதும் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியாரிடம் ஒரு விஷயம் சொல்லிப் பாருங்கள். "நூல்கள் பயன்பாட்டுக்கே" என்பதை நூலக அறிவியலின் முதல் விதியாக 1931-இல் எழுதிவைத்த சீர்காழி ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். மாநிலக் கல்லூரியில் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். இதைச் சொன்ன பிறகு எங்கள் பள்ளியில் மாதம் இரண்டு பீரியட் திரும்பக் கிடைத்தது. நான்கும் கிடைத்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

என் வகுப்பில் ஒன்பதாவது படிக்கிற பெண் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். பள்ளிக்கல்வித் துறை தருகிற வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கொடுத்தால் "சின்னப் பிள்ளைங்க புக்கு" என்று ஒதுக்கிவிடுகிறாள்.

இவளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், வெட்கம்தான் தடுக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துத்தான் அந்தப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் "நுழை" புத்தகத்தை நீட்டினால் அவள் எப்படி வாங்குவாள்? நான் செய்தது இதுதான்: பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று சொல்லி அப்படி ஒரு பெண்ணை அனுப்பினேன். இப்போது சின்னப் புத்தகத்தை எடுக்க அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்காக முந்தின நாள் ஒரே பக்கத்தை மூன்று நான்கு தடவை வாசித்துப் பழகவும் வேண்டியிருக்கிறது. அந்தத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் மருந்து.

இன்னொன்று, பென்சில். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வருவது இந்தப் பிள்ளைகளை மிரட்டிவிடும். "போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம்" என்று ஒரே மூச்சில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்ததும் முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகித்துத் தப்பாகச் சொல்லுவாள். போய்க்கொண்டு / இருந்தவர்கள் / எல்லாம் என்று கோடு போட்டுக் கொடுங்கள். சில வாரத்தில் கோட்டை அவளே போட ஆரம்பிப்பாள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் மதிப்புரை எழுதி வாங்கவேண்டும் என்று எங்கள் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நல்லதுதானே?

நல்லதில்லை. "நூலின் பெயர், ஆசிரியர், நான் பெற்ற நீதி" என்று பின்னட்டையைப் பார்த்து எழுதித் தருவார்கள், அதுவும் ஒருத்தன் எழுதியதை நாலு பேர். நான் புத்தகத்தின் கடைசியில் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டிவிடுவேன், விருப்பம் இருந்தால் ஒரு வரி எழுதலாம். "பாதியில் விட்டுட்டேன், ஒரே மழை வர்ணனை" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு, அப்படி என்ன மழை என்று பார்க்கவே மூன்று பேர் எடுத்துப்போனார்கள்.

மகள் பத்தாவது. போனில் காதல் தொடர்கதையாகப் படித்துத் தள்ளுகிறாள். பிடுங்கி வைக்கட்டுமா?

சார், நான் மாத நாவலை வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து வளர்ந்தவள், என்னிடம் கேட்கிறீர்களே! பிடுங்கினால் போர்வைக்குள் படிப்பாள். அவள் படிப்பதில் நான்கு அத்தியாயம் நீங்களும் படியுங்கள், ஏனென்றால் அந்தச் செயலிகளில் சிலது அந்த வயதுக்கு ஆகவே ஆகாது, அதைப் படிக்காமல் உங்களால் சொல்லமுடியாது. மற்றபடி நேரத்துக்கு வரம்பு வையுங்கள், இரவு போன் கூடத்தில் இருக்கட்டும். தொடர்கதை படிக்கிறவளுக்கு நாவல் தூரமில்லை, ஒரு நல்ல நாவலை அவள் கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவையுங்கள், "படி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

புத்தகம் வாங்கப் பணம் இல்லை.

வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும், சொத்துவரியில் பத்து சதவீதம். 1948-இல் நம் மாகாணம் நூலகச் சட்டம் போட்ட காலத்திலிருந்தே இப்படி ஒரு வரி உண்டு. ஆக, கொடுத்தாயிற்று, போய் எடுத்துக்கொள்வதுதான் பாக்கி. அப்புறம், தமிழ்ப் பாடநூலிலேயே இயல் முடிவில் "அறிவை விரிவு செய்" என்று புத்தகப் பெயர்கள் இருக்கும், பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தப் பெயர்களை எழுதி நூலகரிடம் கொடுங்கள்.

மிஸ், நான் டென்த். கதை புக் எடுத்தாலே அம்மா திட்டுறாங்க. என்ன செய்யறது?

அம்மா பயப்படுவது மார்க்குக்காக, அதில் தப்பில்லை. சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம் என்று அவரிடம் பேசி வாங்கு, நேரம் முடிந்ததும் நீயே மூடிவை, இரண்டு வாரத்தில் நம்பிக்கை வரும். பிப்ரவரி கடைசியில் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, "பரீட்சை முடிஞ்ச அன்னைக்குத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லிவிடு. நடுவில் அவரே எடுத்துப் படித்துவிட வாய்ப்பு உண்டு, முடிவைச் சொல்லக்கூடாது என்று முன்னாலேயே சத்தியம் வாங்கிக்கொள்.