உள்ளூர்ப் புலியா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் மகனுக்கு 13 வயது. ஆஃப் ஸ்பின் போடுகிறான், அஸ்வின் என்றால் உயிர். போன வாரம் வாக்குவாதத்தில், "டெஸ்டில் எடுத்த 537 விக்கெட்டில் 383 இந்தியாவில் எடுத்தது. நம்ம ஊர் பிட்சில் யார் போட்டாலும் திரும்பும், அவர் உள்ளூர்ப் புலி" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் சொன்னது தவறா?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கில் பிழையில்லை. ஆனாலும் நான் உங்கள் மகன் கட்சி.

முரளிதரனின் 800 விக்கெட்டில் 493 இலங்கையில் எடுத்தவை. ஆண்டர்சனின் 704இல் 438 இங்கிலாந்தில். அஸ்வினுக்கு உள்ளூர்ப் பங்கு இன்னும் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021இல் இங்கிலாந்துக்குப் போய் ஆடிய தொடரில் நான்கு டெஸ்டிலும் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். 2023இல் லண்டன் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியிலும் அப்படியே. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆடவிடாமல் வைத்துவிட்டு, வெளிநாட்டில் விக்கெட் எங்கே என்று கேட்பது நியாயமா?

ஆடவிட்டபோது என்ன செய்தார்? 2020 டிசம்பர், மெல்போர்ன். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் ஆட வருகிறார். அவருக்குக் கால்பக்கம் சற்றுப் பின்னால், லெக் கல்லியில், புஜாரா. எட்டாவது பந்தை ஸ்மித் காலோரம் தட்டிவிட, அது நேராகப் புஜாரா கைக்குப் போனது. ரன் பூஜ்யம். அந்த விக்கெட்டை எடுத்தது பிட்ச் அல்ல. அதற்கு முந்தைய அடிலெய்டு டெஸ்டிலும் ஸ்மித்தை 1 ரன்னில் ஸ்லிப்பில் பிடிக்கவைத்தவர் அவர்தான்.

அப்புறம், எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுவது இடக்கை ஆட்டக்காரர்கள் விஷயம். டெஸ்டில் 200 இடக்கையர்களை வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் அஸ்வின். 2021 பிப்ரவரியில், நம்ம சேப்பாக்கத்திலேயே, இங்கிலாந்தின் பிராடை போல்டாக்கி அதைத் தொட்டார். முரளியின் 800இல் இடக்கையர்கள் 191 பேர்தான். அஸ்வினின் மொத்தத்தில் அவர்கள் ஏறக்குறைய பாதி.

இடக்கையருக்கு ரவுண்ட் த விக்கெட், அதாவது ஸ்டம்புக்கு வலப்பக்கமாக வந்து, ஸ்டம்பை ஒட்டிப் போடுவார். பந்து உள்ளே வருவதுபோல வரும். விழுந்து வெளியே திரும்பினால் மட்டையின் விளிம்பில் பட்டு கேட்ச், திரும்பாமல் நேராகப் போனால் கால்காப்பில் பட்டு எல்பிடபிள்யூ. இரண்டுக்கும் கை ஒன்றுபோலத்தான் இருக்கும். மட்டையை நீட்டுவதா, காலை நீட்டுவதா என்று ஆட்டக்காரர் முடிவெடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். நடுவர் தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கும் ரிவ்யூ முறை வந்த பிறகு காலை நீட்டித் தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. இது போதாதென்று, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்துச் சுண்டிவிடும் சொடுக்குப் பந்து வேறு. மாம்பலத்துத் தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பையனின் கை அது.

இவ்வளவையும் பிட்ச் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது. 106 டெஸ்ட், 37 முறை ஐந்து விக்கெட், முரளிக்குச் சமமாக 11 தொடர் நாயகன் விருதுகள். 2024 செப்டம்பரில், 38 வயதில், சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன் அடித்துவிட்டு 6 விக்கெட்டும் எடுத்தார்.

மகனிடம் நீங்களே முதலில் பேசுங்கள். லெஃப்ட் ஹேண்டர் வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து போடுகிறான் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.