ஸ்பீக்கிங் மூன்றாம் பகுதிக்கென்று தனியாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் நர்ஸ். இங்கிலாந்து வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதினேன். அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். எல்லாம் வந்துவிட்டது, ஸ்பீக்கிங்கில் மட்டும் 6.5. கடைசியில் வரும் கலந்துரையாடலில்தான் தடுமாறினேன். இங்கே ஒரு கோச்சிங் சென்டரில் அந்தப் பகுதிக்கென்றே ஒரு பேக்கேஜ் இருக்கிறது. 200 கேள்வி-பதில் அடங்கிய பிடிஎஃப், பத்து வகுப்பு, ‘7 பேண்ட் கேரண்டி’. கட்டணம் 9,500 ரூபாய். இந்த வாரம் சேர்ந்தால் 7,000. சேரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: பிடிஎஃப்புக்காக என்றால் வேண்டாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். நீங்கள் தடுமாறிய கலந்துரையாடல்தான் மூன்றாம் பகுதி; அதில் நாலைந்து நிமிடம்தான். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையில் தலைப்பு கொடுத்துப் பேசச் சொல்வார்கள் அல்லவா, அந்தத் தலைப்பை ஒட்டியே தேர்வாளர் பேச்சை வளர்ப்பார். நீங்கள் சொல்வதைப் பிடித்துக்கொண்டே அடுத்த கேள்வியைப் போடுவார். அட்டையில் ‘நீங்கள் விரும்பிப் போகும் கடை’ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ‘சின்னக் கடைகள் இல்லாமல் போய்விடுமா?’ என்று கேட்பார். மனப்பாடப் பதில், ‘ஆன்லைன் வியாபாரத்தில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று கிளம்பும். ‘சரி, வயதானவர்கள் என்ன செய்வார்கள்?’ என்று அவர் மடக்கியதும் பிடிஎஃப் தீர்ந்துவிடும். ஒப்பிக்கிற பதிலைத் தேர்வாளர்கள் சுலபமாகக் கண்டுபிடித்தும் விடுவார்கள்.

அதே கேள்விக்கு, ‘முழுக்கப் போகாது. எங்கள் தெரு அண்ணாச்சி முகம் பார்த்துக் கடன் கொடுப்பார், சம்பளம் வந்ததும் தீர்ப்போம். ஆனால் செல்போன் கடைகளுக்கு இப்போதே அடி விழுந்திருக்கிறது’ என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கருத்து, காரணம், உதாரணம், மறுபக்கம் எல்லாம் வந்துவிட்டது. கருத்து சரியா தவறா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. தடங்கலில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, இந்த நான்குக்கும் சம மதிப்பு. ‘ஃபாரின் ஆக்சென்ட்’ வகுப்புக்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். தெளிவாகப் பேசினால் நம் ஊர் உச்சரிப்பே போதும். கேள்வி புரியாவிட்டால் இந்தப் பகுதியில் விளக்கம் கேட்கலாம், தப்பில்லை.

ஆக, காசு கொடுத்து வாங்க வேண்டியது குறுக்குக் கேள்வி கேட்கிற ஆளைத்தான். பணம் கட்டுவதற்கு முன் ஒரு டெமோ வகுப்பில் உட்காருங்கள். ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் இருபது பேர் என்றால் தலைக்கு மூன்று நிமிடம்கூட மிஞ்சாது. நீங்கள் பேசியதைப் பதிவு செய்து, போட்டுக் காட்டி, அந்த நான்கு அளவுகோல்படி குறை சொல்வார்களா என்று கேளுங்கள். பேக்கேஜ் இல்லாமல் தனி ஆளாக மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மட்டும் தருவார்களா என்றும் கேளுங்கள்; உங்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். டூட்டி முடிந்து வரும்போது, எது சொன்னாலும் ‘ஏன்?’ என்று விடாமல் கேட்கிற தோழி ஒருத்தி இருந்தால் செலவே இல்லை. அளவுகோல்கள் ஐஇஎல்டிஎஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம் அந்த கேரண்டி. மதிப்பெண் போடுவது சென்டர் இல்லையே! மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று கோச்சிங் துறைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. 7 வராவிட்டால் பணம் திரும்பி வருமா, மறுபடி வகுப்பில் வந்து உட்காரச் சொல்வார்களா? எழுத்தில் வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள். ‘இந்த வாரம் மட்டும்’ தள்ளுபடி அடுத்த வாரமும் இருக்கும். தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேர்வுத் தேதியைப் பாருங்கள். ஸ்பீக்கிங் பதிவு செய்யப்படுவதால், தேர்விலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் கூடினால் கட்டிய பணம் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் 60 நாளுக்குள் ஸ்பீக்கிங்கை மட்டும் திரும்ப எழுதும் வசதியும் உண்டு. எல்லா அமைப்புகளும் அதை ஏற்பதில்லை என்பதால், உங்கள் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதில் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.