ஜெனரேஷன் நம்பருக்குக் கூடக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறோம். எனக்கு ஜிஎஸ்டி கணக்கு, மகளுக்கு காலேஜ் வேலை, அவ்வப்போது வீடியோ எடிட்டிங். கடையில் இன்டெல்லின் 13ஆம் ஜெனரேஷன் ப்ராசஸரான ஐ5-13400 போட்டு ஒரு கொட்டேஷன், 14ஆம் ஜெனரேஷன் ஐ5-14400 போட்டு சில ஆயிரம் கூட்டி இன்னொன்று. "ஒரு ஜெனரேஷன் மேல போனா ஸ்பீடு கண்ணுக்கே தெரியும்" என்கிறார் கடைக்காரர். கூடக் கொடுக்கலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். கண்ணுக்கெல்லாம் தெரியாது.

இரண்டிலும் 6 பெரிய கோர், 4 சின்ன கோர் (கோர் என்பது கணக்குப் போடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்), 20 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). உச்ச வேகம் பழையதில் 4.6 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 4.7. நூற்றுக்கு இரண்டு சொச்சம், அவ்வளவே. இதைவிட வேடிக்கை, 2021 நவம்பரில் வந்த 12ஆம் ஜெனரேஷன் ஐ5-12600கே-யிலும் இதே 6+4 கோர், இதே 20 எம்பிதான். உச்ச வேகமோ 4.9! (கரண்ட் அதிகம் இழுக்கும் என்பது வேறு கதை.)

ஆண்டுதோறும் எண் ஏறுவதுபோல வேகமும் ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 2015இல் 6ஆம் ஜெனரேஷனோடு வந்த ஸ்கைலேக் கோர் வடிவமைப்பை இன்டெல் டெஸ்க்டாப்பில் 2020இன் 10ஆம் ஜெனரேஷன் வரை ஓட்டியது. நடுவில் 2017 மார்ச்சில் போட்டி நிறுவனமான ஏஎம்டி 8 கோரோடு ரைசன் ப்ராசஸரை இறக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்டெல்லின் டெஸ்க்டாப் ஐ5 நாலு கோரிலிருந்து ஆறுக்குப் போனது; லேப்டாப்பில் 7ஆம் ஜெனரேஷன் ஐ5-7200யூ-வின் இரண்டு கோர் 8ஆம் ஜெனரேஷன் ஐ5-8250யூ-வில் நாலாயிற்று. அந்தச் சமயத்தில் 7ஐ விட்டு 8ஐ வாங்கியவர்கள் புத்திசாலிகள். அடுத்த பெரிய தாவல், பெரிய கோரும் சின்ன கோருமாக வந்த 12இல்தான்.

13400-ஐயே வாங்குங்கள். மிச்சத்தில் ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். பில்லில் 13400-க்குப் பின்னால் 'எஃப்' இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. விலை குறைகிறதே என்று அதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

கேள்வி: ரைசன் 5 5500யூ லேப்டாப் பழைய ஸ்டாக், 7520யூ புதுசு, விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். புதுசையே எடுக்கலாம் அல்லவா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்படாதீர்கள். 5500யூ-வில் 6 கோர், 7520யூ-வில் 4தான். 7520-இல் முதலில் வரும் 7, 2023ஆம் ஆண்டு வரிசை என்பதைக் காட்டும் எண். அந்த வரிசையில் உள்ளே என்ன கோர் என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 2 என்றால் ஸென் 2, அதாவது ஏஎம்டி 2019இல் அறிமுகப்படுத்திய கோர் வடிவமைப்பு. 5500யூ-வும் ஸென் 2தான். 7530யூ என்றால் ஸென் 3, 7540யூ என்றால் ஸென் 4.

புதியதில் பேட்டரி கொஞ்சம் கூட நிற்கலாம். ஆனால் அதன் ரேம் போர்டிலேயே சால்டர் செய்து வருவது. பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி மாடல் என்றால் தொடவே வேண்டாம். 5500யூ-வில் ரேம் ஸ்லாட் உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக் என்பதால் வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா என்று கம்பெனி தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.