வாங்கிய இடத்தில் நிற்கும் ராணுவ லாரி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மேட்டுப்பாளையம் அருகே இரண்டு ஏக்கர் இடம் வாங்கியிருக்கிறேன். முன்பு அங்கே மர அறுவை மில் இருந்ததாம். ஒரு மூலையில் பழைய ராணுவ லாரி ஒன்று சக்கரம் பாதி புதைந்து நிற்கிறது. பின்பக்கச் சட்டத்துக்கு நடுவே வேப்பமரமே வளர்ந்துவிட்டது. முன்கண்ணாடியின் மேல்பக்கம் முன்னால் தள்ளிச் சாய்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் வண்டி என்கிறார்கள். இடத்தோடு லாரியும் எனக்குச் சொந்தமாகிவிட்டதா? ராணுவம் கேட்டு வருமா? ஒரு புரோக்கர், "ஆர்.சி. புக் ரெடியா இருக்கு, நாற்பதாயிரம் கொடுங்க, ரோட்டில் ஓட்டலாம்" என்கிறார். எனக்கு ஆசை அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் புரோக்கருக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

லாரி இன்னும் உங்களுக்குச் சொந்தமாகவில்லை. உங்கள் கிரயப் பத்திரம் நிலத்துக்கும் அதில் கட்டியிருக்கும் கட்டடத்துக்கும்தான். லாரி அசையும் சொத்து. பத்திரத்தில் அதைத் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, அது பழைய மில் முதலாளியுடையது. அவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகளுடையது. நாற்பது வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதால் அது கேட்பாரற்ற பொருள் ஆகிவிடாது. அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே எடுத்து வைத்துக்கொள்வதையும் விற்பதையும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய தண்டனைச் சட்டத்தின் 314ஆவது பிரிவில் குற்றமாகவே வைத்திருக்கிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இது பெரும்பாலும் ஒரே ஒரு காகிதத்தில் தீர்ந்துவிடும் விஷயம். அந்தக் காகிதத்தை வாங்காமல் கிரேனைக் கூப்பிடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்கு இடத்தை விற்றவரிடமே போங்கள். மில் முதலாளி இறந்திருந்தால், தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட விற்பனைக் கடிதம் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதமாவது வேண்டும். கடிதத்தில் லாரி நிற்கும் இடம், கண்ணுக்குத் தெரியும் எண்கள், கொடுக்கும் தொகை மூன்றும் வரட்டும். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னாலும் ஒரு தொகை போட்டு வங்கி வழியாக அனுப்புங்கள். நாளைக்கு ஒரு பேரன் வந்து நின்றால் அந்த வங்கிக் கணக்குதான் உங்கள் சாட்சி. அப்புறம் அந்தக் கடிதத்தின் நகலோடு உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது தர இழுத்தடிப்பார்கள். மனுவைப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டால் அவர்களுக்கும் வேறு வழியில்லை.

ராணுவம் கேட்டு வருமா என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் கண்ணாடிச் சாய்வை வைத்துப் பார்த்தால் அது கனடாவில் செய்த போர்க்கால லாரி. ஆகாயத்திலிருந்து பார்க்கும் விமானிக்குக் கண்ணாடி மின்னித் தெரியக்கூடாது என்றுதான் அதை அப்படித் தலைகீழாகச் சாய்த்தார்கள். ஃபோர்டும் செவ்ரலேயும் ஒரே அச்சில் செய்தவை இவை. பிரிட்டிஷ் படைகளுக்கென்று செய்ததால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். போர் முடிந்ததும் மிச்சப்பட்ட வண்டிகளை அரசே டிஸ்போசலில் விற்றது. பஸ் முதலாளிகளும் மர வியாபாரிகளும் வாங்கி, இன்னொரு இருபது முப்பது வருஷம் உழைக்க வைத்தார்கள். அறுவை மில்லில் அது நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியோடு ராணுவ எண் மட்டுமே இருந்து, பார்ப்பதற்கு சக்திமான் என்ற ராணுவ லாரி மாதிரி பிற்கால வண்டியாக இருந்தால் நிலைமையே வேறு. அப்போது விற்றதற்கான காகிதத்தைப் பார்க்காமல் தொடவே கூடாது. உங்கள் லாரிக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உறுதி செய்ய, கேபினுக்குள் டேஷ்போர்டு பக்கம் சின்ன உலோகத் தகடு இருக்கிறதா பாருங்கள். சி60எல் என்றால் செவ்ரலே, மூன்று டன், நீண்ட சட்டம். எஃப்15 என்று தொடங்கினால் ஃபோர்டு, முக்கால் டன். தகட்டைத் துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போடாதீர்கள். சட்டத்தில் கொத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். கதவிலும் பம்பரிலும் மேல் பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய படைப்பிரிவின் குறி எட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நிற்கிற நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். காயலான் கடைக்காரர் கண்ணில் பட்டால் முதலில் காணாமல் போவது அந்தத் தகடுதான்.

இப்போது புரோக்கர். அவரிடம் ஆர்.சி. புக் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் லாரியின் புத்தகம் இல்லை. எங்கோ எடைக்குப் போட்ட இன்னொரு லாரியின் புத்தகம். அதிலிருக்கும் சேஸிஸ் எண்ணை உங்கள் லாரியின் சட்டத்தில் புதிதாகக் கொத்திக் கொடுப்பதற்குத்தான் நாற்பதாயிரம். இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்த்த மோசடி இதுதான். ஆசைப்பட்டு வாங்குபவர்தான் மாட்டுவார், புரோக்கரின் கைபேசி அணைந்திருக்கும். கொத்திய எண் பொய் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், உங்களிடம் இருக்கும் உண்மையான விற்பனைக் கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். அசல் எண் அழிந்த லாரிக்கு வரலாற்று மதிப்பும் போய்விடும். புரோக்கரின் இன்னொரு மிரட்டலும் உண்டு: "பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை கவர்மென்ட் தூக்கிக்கிட்டுப் போயிடும், சீக்கிரம் தள்ளிவிடுங்க." 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை, அது உண்மை. உங்கள் நிலத்தில் நிற்கும் தனியார் லாரியை அதன் வயதுக்காக யாரும் தூக்க முடியாது.

அடுத்து அவர் சொல்லப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: "விண்டேஜ் பதிவு வாங்கித் தர்றேன் சார்." இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எல்லாம் நல்ல விஷயம். ஆனால் விதி யாருக்கு? இரு சக்கர வண்டிக்கும், எம்1 வகை நான்கு சக்கர வண்டிக்கும் மட்டும். எம்1 என்றால் ஓட்டுநரைத் தவிர எட்டு பேருக்கு மேல் இருக்கை இல்லாத பயணிகள் வண்டி, அதாவது கார், ஜீப். சரக்கு லாரி அதில் இல்லை. அதே போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு வழி உண்டு, பக்கத்தில் ஓடிய லாரிக்கு இல்லை. இதில் என்ன நியாயம்? பழைய வண்டிகளைக் காப்பாற்ற விதி எழுதியவர்கள், கார் வைத்திருப்பவரை மட்டுமே நினைத்து எழுதியிருக்கிறார்கள். ஜீப்புக்குக்கூட ஐம்பது வருஷக் கணக்கு வண்டி செய்த ஆண்டிலிருந்து இல்லை. முதல் விற்பனைக்குப் பிறகு நடந்த முதல் பதிவிலிருந்து. அதனால் முதல் பதிவின் தேதியைக் காட்டும் காகிதம் இல்லாமல், விண்டேஜ் பதிவை நம்பி ஜீப்பைக்கூட விலை பேசாதீர்கள். பதிவு கிடைத்தாலும் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது, எரிபொருள் போடுவது, இவ்வளவுக்குத்தான் அனுமதி. உங்கள் லாரிக்கு வி.ஏ. எண் வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களை ஏமாற்றுகிறார்.

அப்படியானால் ஓட்டவே முடியாதா? சாலையில் ஓட்ட ஒரே நேர்வழி, லாரியின் சொந்தப் பழைய பதிவைக் கண்டுபிடிப்பது. நம்பர் பலகை இருக்கிறதா, பாடியில் எண் எழுதிய தடம் தெரிகிறதா பாருங்கள். எம்.எஸ். என்று தொடங்கும் மூன்றெழுத்து எண் கிடைத்தால் அது சென்னை மாநிலக் காலத்துப் பதிவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் "கம்ப்யூட்டரில் இல்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும்? பழைய பதிவேடுகளைக் கட்டுக் கட்டாக மூட்டை கட்டிப் போட்டவர்கள் அவர்கள்தானே. வண்டியின் சரித்திரமே அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. கரையான் அரிக்கும்வரை அதைப் புரட்டிப் பார்க்க ஆள் இல்லை. வாக்குவாதம் செய்யாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள்: இந்த எண்ணின் பதிவு விவரம், கடைசி உரிமையாளர், வரி எதுவரை கட்டியிருக்கிறது, பதிவு ரத்தாகியிருக்கிறதா. முப்பது நாளில் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிவு உயிரோடு இருந்தால் வாரிசுகள் படிவம் 31இல் தங்கள் பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30இல் உங்களுக்கு மாற்றித் தர வேண்டும். அதற்கு முன் வரி பாக்கியைக் கூட்டிப் பாருங்கள். லாரியின் விலையைவிட அது அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பதிவு ரத்தாகியிருந்தாலோ, பதிவே செய்யாமல் மில்லுக்குள் மட்டும் ஓடியிருந்தாலோ, சாலை ஆசையை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது பொது இடத்தில் ஓட்டப் பதிவு. உங்கள் நிலத்துக்குள் நிறுத்தி வைக்கவும், சீரமைக்கவும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டிப் பார்க்கவும் பதிவு வேண்டாம். வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் டிரெய்லரில் சரக்காக ஏற்றிப் போகலாம், விற்பனைக் கடிதம் டிரைவர் கையில் இருக்கட்டும். என் ஆலோசனை இதுதான்: சொந்த இடத்தில் ஓடுகிற லாரியாக மீட்டெடுங்கள்.

வெளியே எடுக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் பாம்பு. அப்புறம் மரம். சங்கிலியைக் கட்டி இழுத்தால் மரம் வராது, சட்டம்தான் முறுக்கிக்கொள்ளும். மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து எடுத்த பிறகு, சக்கரத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி, ஜாக்கி வைத்து ஒவ்வொரு மூலையாகத் தூக்கி அடியில் கட்டை அடுக்குங்கள். இழுக்க வேண்டியிருந்தால் பம்பரில் கொக்கி போடக் கூடாது, சட்டத்தில் போட வேண்டும். டிரம்முக்குள் பிரேக் இறுகியிருக்கும். சக்கரம் சுற்றாமல் தரதரவென்று இழுப்பதைவிட வின்ச் வைத்து லோ பெட் டிரெய்லரில் ஏற்றுவது நல்லது.

சக்கரத்தைக் கழற்றும் வேலைக்கு நீங்கள் நேரில் நில்லுங்கள். இதில் உயிரே போகலாம். இந்த லாரிகளின் ரிம் இரண்டு பாதியாக வரும். வெளி வட்டத்தில் இருக்கும் நட்டுகள் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. உள் வட்ட நட்டுகள்தான் சக்கரத்தை அச்சோடு பிடிப்பவை. தொடக்கூடாது என்று காட்டுவதற்காகவே அந்தக் காலத்தில் வெளி நட்டுகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தச் சிவப்பு போயிருக்கும். தெரியாத ஆள் வெளி நட்டைக் கழற்றினால், டியூபில் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் பாதி ரிம் பறந்து வந்து அடிக்கும். டயர் தட்டையாகத் தெரிகிறது என்று நம்பாதீர்கள். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றி, காற்று முழுக்கப் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். திரும்பக் காற்று அடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான். பக்கத்துப் பஞ்சர் கடைப் பையனிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

இன்ஜினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் நாளே பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். செவ்ரலேயாக இருந்தால் ஆறு சிலிண்டர், ஃபோர்டாக இருந்தால் வி8, இரண்டும் பெட்ரோல் இன்ஜின். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டு, டேங்கில் மிச்சமிருக்கும் கெட்டுப்போன பெட்ரோலையும் வெளியேற்றுங்கள். அப்புறம் முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் சரி. திரும்பவில்லையென்றால் பலம் போடாதீர்கள், இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னொரு வாரம் விடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். அதற்குப் பழைய பெட்ரோல் இன்ஜினில் கை வைத்துப் பழகிய மெக்கானிக்காகத் தேடிப் பிடியுங்கள். டீசல் லாரி மட்டுமே பார்த்தவர் வேண்டாம்.