நூறாண்டு மாளிகையில் நான்கு நாள்: மலைப்பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கும்போது சென்னைக் குடும்பங்கள் உதகை, குன்னூர், கொடைக்கானல் ஆகிய ஊர்களின் பழைய மாளிகை ஹோட்டல்களைப் பற்றி எனக்கு எழுதத் தொடங்கிவிடுகின்றன. இவ்வாண்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியைப் பற்றியவை என்பதால், அவற்றிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

என் மாமனாருக்கு 76 வயது, மாமியாருக்கு மூட்டுவலி. உதகையில் வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல் ஒன்றில் தங்க வேண்டுமென்பது என் கணவரின் ஆசை. பெரியவர்களுக்கு அது ஒத்துவருமா? (மயிலாப்பூர் வாசகி)

ஒத்துவரும்; ஆனால் ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பதைவிட அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் தம் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கிய பிறகு உதகையில் எழுந்த பழைய கட்டடங்களில் பல, குடும்பங்கள் வாழ்வதற்காகச் சரிவுகளில் கட்டப்பட்டவை. வரவேற்பறை ஒரு மட்டத்திலும், சாப்பாட்டுக்கூடம் வேறொரு மட்டத்திலும், தங்கும் அறைகள் தோட்டத்துக்கு அப்பாலும் இருக்கும். லிஃப்ட் இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

‘கீழ்த்தள அறை’ என்ற சொல்லை நம்பி என் தாயாரை ஒரு முறை அத்தகைய பங்களாவுக்கு அழைத்துச் சென்றேன். அறை கீழ்த்தளத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு ஏற கைப்பிடியில்லாத பதினேழு கருங்கற்படிகள் இருந்தன. காலைப் பனியில் அவை நனைந்து வழுக்கின. மூன்று நாளும் அவர் அறையிலேயே தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசி, கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்கும் எத்தனை படிகள் என்று எண்ணிச் சொல்லக் கேளுங்கள். குளியலறை வாசலில் மேடு உண்டா, வெந்நீர் நாள் முழுவதும் வருமா, அல்லது குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமா என்பதையும் விசாரியுங்கள். பழைய கட்டில்கள் உயரமானவை. ஏறுவதற்கு ஒரு முக்காலி கேட்டால் தருவார்கள். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இதயநோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். வழியில் குன்னூரில் ஓர் இரவு தங்கிச் செல்வது முதியவர்களுக்கு இதமாக இருக்கும்.

அறையிலேயே கணப்பு இருக்கிறது, இரவில் விறகு மூட்டித் தருவோம் என்கிறார்கள். சிறு குழந்தை இருக்கும் அறையில் அது பாதுகாப்பானதா? (அண்ணாநகர் வாசகர்)

புகைபோக்கி சுத்தமாக இருந்து, பணியாளரே நெருப்பு மூட்டி, நீங்கள் விழித்திருக்கும்வரை மட்டும் எரியவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டிய முதல் ஐந்து நிமிடம் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அது மேலே ஏறாமல் அறைக்குள் திரும்பினால் புகைபோக்கியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். பறவைக் கூடும் காய்ந்த இலைகளும் அதற்குள் சேர்வது வழக்கம். அப்போது உடனே அணைக்கச் சொல்லி, கம்பளிகளும் மின்சார ஹீட்டரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் மூட்டிய கரி அடுப்பை, கனல் வீணாகாமல் இருக்கட்டும் என்று, அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்துவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். எரியும் கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களை அது எழுப்பாமலேயே கொன்றுவிடும். தலைவலியும் குமட்டலும் அதன் தொடக்க அறிகுறிகள் என்பதால், மலையேறிய களைப்பு என்று பலர் அதை அலட்சியப்படுத்திவிடக்கூடும். கணப்பு எரியும் அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலித்தால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். குளிர் எவ்வளவு இருந்தாலும் ஒரு சன்னலை விரற்கடை அளவாவது திறந்து வையுங்கள்.

நான்கு வயதுக் குழந்தையுடன் மலை ரயிலிலேயே உதகை வரை போகலாமா? (தாம்பரம் வாசகி)

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து மலை ரயிலைப் பிடிக்கலாம். குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் திறக்கப்பட்ட இப்பாதையின் நீளம் சுமார் 46 கிலோமீட்டர். 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டே நீராவி என்ஜின் ஏறுகிறது. அதை ஒரு முறையேனும் குழந்தைகள் பார்க்க வேண்டும். ஆயினும் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவுப் பயணத்துக்குப் பின் நான்கு வயதுக் குழந்தை அதைத் தாங்காது. உங்கள் குடும்பத்துக்கு, திரும்பும்போது இறக்கத்தில் வருவதையோ, குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மட்டும் ஏறுவதையோ பரிந்துரைக்கிறேன். பயண நாளுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்குகிறது, அன்றே எடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் இவ்வண்டி ரத்தாவது உண்டு என்பதால், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கார் ஏற்பாட்டையும் கையில் வைத்திருங்கள்.

மே மாதம்தான் போக வேண்டுமா? (பெரம்பூர் வாசகர்)

வேண்டியதில்லை. மலர்க்காட்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தவிர, காலாண்டுத் தேர்வு விடுமுறையில் செல்லுங்கள். உள்ளூர்க்காரர்கள் இரண்டாவது சீசன் என்று சொல்லும் அந்த நாட்களில் தோட்டங்கள் மீண்டும் பூத்திருக்கும், வாடகையும் குறைந்திருக்கும். சாலையில் மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படிவதைக் காண்பது பேரழகு என்றாலும், உயரமான கூரையுள்ள பழைய அறைகள் அப்போது எளிதில் சூடேறா.

நீச்சல்குளமோ விளையாட்டு அரங்கோ இல்லாத ஹோட்டலில் பிள்ளைகள் சலித்துப்போக மாட்டார்களா? (வேளச்சேரி வாசகி)

முதல் அரைநாள் சலித்துக்கொள்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மரத்தரை எழுப்பும் ஓசையும், சன்னலோரத் திண்டும், பில்லியர்ட்ஸ் மேசையும் அவர்களை இழுத்துக்கொள்ளும். 1875-இல் ஜபல்பூரில் பிறந்ததாகக் கூறப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் உதகை கிளப்பில்தான் எழுதி மாட்டப்பட்டன என்று அந்த மேசையருகே நின்று சொல்லிப் பாருங்கள். ஒரு காலையில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள பெரிய உத்தரங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்; ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து அம்மரங்கள் மலையேறி வந்தன. 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவுக்கு இன்னொரு நாள். ஒரு நாளில் ஓரிடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். இவ்வளவு வாடகை கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் வராந்தாவில் ஒரு மாலைகூட உட்காராமல் திரும்பும் குடும்பங்களைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன்.

இ-பாஸ் கட்டாயமா? (போரூர் வாசகர்)

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ சென்றால் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் உள்ளது, கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டிகளை எடுத்துச் செல்லுங்கள்.

வாடகையில் சாப்பாடு அடங்குமா? (ஆலந்தூர் வாசகி)

ஹோட்டலின் வாடகைப் பட்டியலில் உள்ள சுருக்கெழுத்துகளைப் பாருங்கள்: சி.பி. என்றால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் அதனுடன் இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும் அடங்கும். இருட்டியபின் மலைச்சாலையில் உணவகம் தேடி அலைய வேண்டாம் என்பதால், முதியவர்களுடன் செல்வோர் இரவு உணவையும் சேர்த்து எம்.ஏ.பி. எடுப்பது நல்லது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் சிறப்பு விருந்துக்கெனத் தனிக் கட்டணம் கட்டாயமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.