கைத்துப்பாக்கியா, ரைஃபிளா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

துப்பாக்கி சுடுதல் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை சுற்றி வளைத்து, கைத்துப்பாக்கியா ரைஃபிளா என்ற இந்த ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உரிமம், வயது வரம்பு போன்றவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் ஊர்ச் சட்டப்படி நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கைத்துப்பாக்கி சிறியது, தூக்க எளிது. அதிலிருந்தே இலக்கு சுடுதலைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் எளிது என்று நினைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். சிறியதாக இருப்பதுதான் அதன் சிக்கலே.

ரைஃபிள் உடம்போடு நான்கு இடங்களில் சேர்ந்திருக்கிறது: இரண்டு கைகள், தோள், கன்னம். நின்றபடி சுடுகிறவர் முன்கை முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொள்வார். எடையை எலும்பு தாங்கும், தசைக்கு வேலை குறைவு. போட்டிப் பிஸ்டலுக்கு ஒரே கைதான். நீட்டிய கையின் நுனியில் ஏறத்தாழ ஒரு கிலோ. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று எந்த மூட்டு அசைந்தாலும் குழல் முனையும் கூடவே அசையும்.

அதைவிடப் பெரிய விஷயம், குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம். பிஸ்டலில் அது 16 செ.மீ., ரைஃபிளில் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில் இருக்கிறது. சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், பிஸ்டலில் பெல்லட் (காற்றழுத்தத்தால் சுடும் ஏர் கன்னின் சிறு குண்டு) நடுவிலிருந்து 62 மி.மீ.க்கு மேல் தள்ளி விழும். ஏர் பிஸ்டல் இலக்கு அட்டையில் அது பத்துக்கு 3 புள்ளி. அதே ஒரு மில்லிமீட்டர் பிசகு ரைஃபிளில் வெறும் 14 மி.மீ. விலகல்தான், அதே பிஸ்டல் அட்டையில் 9 புள்ளி கிடைத்துவிடும். பிஸ்டல்காரர்கள் இலக்கை மறந்து முன் சைட்டையே முறைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

நான் பரிந்துரைப்பது: முதலில் சில வாரங்கள் ரைஃபிள். மூச்சை அடக்குவது, ட்ரிகரைப் பதறாமல் அழுத்துவது, குண்டு போன பிறகும் அப்படியே நிற்பது, இதெல்லாம் ரைஃபிளில் சீக்கிரம் பிடிபடும். ஏன் தப்பு நடந்தது என்று அட்டையும் தெளிவாகச் சொல்லும். அப்புறம் பிஸ்டலுக்கு மாறுங்கள். மனசு முழுக்கப் பிஸ்டலில் இருப்பவரை மாதக்கணக்கில் ரைஃபிளோடு கட்டிப்போடும் பயிற்சியாளர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிஸ்டல் இலக்கில் 10-ஆம் வளையம் பெரியதாக இருக்கிறதே, அப்படியானால் அதில் புள்ளி எடுப்பது சுலபம்தானே?

ஏர் பிஸ்டல் அட்டையில் 10-இன் விட்டம் 11.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் அது 0.5 மி.மீ. புள்ளிதான்; அதன் மேல் விழும் 4.5 மி.மீ. பெல்லட் அந்தப் புள்ளியையே தின்றுவிடும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் முடிவு நேர்மாறு. ரைஃபிளில் 60 குண்டுக்கு முழு 600 எடுத்தவர்கள் பலர் இருந்ததால்தான் 2013 முதல் தகுதிச் சுற்றையே தசமத்தில் எண்ணுகிறார்கள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. பிஸ்டலில் இன்னும் முழு எண்தான். அங்கே 590-ஐத் தாண்டுவதே அபூர்வம்.

ஏர் கன் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிகிறது. நேராக .22 தோட்டாத் துப்பாக்கி வாங்கினால் என்ன?

ஒலிம்பிக் தங்கம் தருகிற விளையாட்டுச் சாமான்! 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான்.

ஏர் கன்னில் உதை கிட்டத்தட்ட இல்லை, சத்தம் குறைவு, பத்து மீட்டர் இடம் போதும். பெல்லட் மெதுவாகப் போவதால், ட்ரிகரை அழுத்திய பிறகு நீங்கள் அசைந்தால் அது அட்டையில் அப்படியே தெரியும். அதனாலேயே நல்ல வாத்தியார். .22-க்குப் போவது பிறகு. அந்தத் தோட்டாவையும் சின்னது என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். எடை 2.6 கிராம்தான். ஆனால் மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டிப் போய் விழும். பின்னால் உறுதியான மண்மேடோ தடுப்போ இல்லாத இடத்தில் அதைச் சுடுவதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது.

பிஸ்டலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை) கழற்றிவிட்டால் துப்பாக்கி காலிதானே?

இல்லை! வீடுகளில் நடக்கும் 'காலித் துப்பாக்கி வெடித்துவிட்டது' விபத்துகளுக்குப் பின்னால் இந்த நம்பிக்கைதான் அடிக்கடி இருக்கிறது. மேகசின் வெளியே வந்த பிறகும் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். பல பிஸ்டல்கள் மேகசின் இல்லாமலும் அந்த ஒன்றைச் சுட்டுவிடும்.

வரிசை முக்கியம். குழல் பாதுகாப்பான பக்கம், விரல் ட்ரிகருக்கு வெளியே. முதலில் மேகசினை எடுங்கள். பிறகு ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது முதலில் ஸ்லைடை இழுத்து உள்ளிருந்த தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, ஸ்லைடை விட்டபிறகு மேகசினை எடுத்தால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறியிருக்கும். கையில் மேகசின், தரையில் ஒரு தோட்டா. பார்ப்பவருக்கு எல்லாம் காலி போலவே தெரியும்.

ரிவால்வரில் உருளையைத் திறந்தால் எல்லா அறையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். போல்ட் ரைஃபிளில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து வைத்தாலே ரேஞ்சில் (சுடுதளத்தில்) இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சர்வதேசப் போட்டிகளில் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடியை அறைக்குள் செருகி வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று: ரேஞ்சில் யாராவது கூப்பிட்டால் மனிதர் உடம்போடு திரும்புவார். ரைஃபிள் வைத்திருப்பவர் அப்படித் திரும்ப நேரமெடுக்கும். பிஸ்டல்காரரின் மணிக்கட்டு லேசாகத் திரும்பினாலே குழல் பக்கத்து ஆளைப் பார்த்துவிடும். புதிதாக வருபவர்களுக்குப் பிஸ்டலை ஒருவர் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொடுக்க வேண்டியதன் காரணம் இது.

வீட்டுப் பாதுகாப்புக்கும் ஆச்சு, ரேஞ்சுக்கும் ஆச்சு என்று ஒரே கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். எது நல்லது?

இரண்டுக்கும் ஒன்று என்பது சரிப்பட்டு வராது. போட்டிப் பிஸ்டலின் கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்கென்று செதுக்கியது; ட்ரிகர் மிக மென்மையானது. ஏர் பிஸ்டலுக்கு விதி கேட்பது குறைந்தது 500 கிராம் அழுத்தம்தான், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். பதற்றத்தில் நடுங்கும் கையில் அவ்வளவு மென்மையான ட்ரிகர் ஆபத்து. மறுபுறம், தற்காப்புக்கென்று வரும் குட்டைக் குழல் பிஸ்டல்களால் இலக்கு சுடுதல் கற்பது பெரும்பாடு. உதை பலம், சைட் தூரம் குறைவு, தோட்டாவும் விலை அதிகம் என்பதால் பயிற்சி தானாகவே குறைந்துவிடும்.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகள், துப்பாக்கி உள்ள வீடுகளில் தற்கொலை மரண அபாயம் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. வெளியாளைப் பற்றிய பயத்தைவிட, வீட்டுக்குள்ளேயே ஒருவர் மனம் உடைந்திருக்கும் ஓர் இரவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். வீட்டில் யாருக்காவது மன அழுத்தமோ குடிப்பழக்கமோ இருந்தால் எந்தத் துப்பாக்கியும் வீட்டில் வேண்டாம். கிளப்பின் பெட்டகத்தில் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சட்டமும் கைத்துப்பாக்கியையும் ரைஃபிளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சட்டைக்குள் மறைக்க முடிகிற ஆயுதத்துக்குப் பல நாடுகளில் கெடுபிடி அதிகம். பிரிட்டனில் 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 1997-இல் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்கத் தடை வந்தது. போட்டிப் பிஸ்டல் வீரர்கள் வெளிநாடு போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று. ரைஃபிள்காரர்களுக்கு அந்த நிலைமை வரவில்லை.

என் மகளுக்கு 12 வயது. ரைஃபிளில் விடலாமா, பிஸ்டலில் விடலாமா?

தாங்கியில் வைத்துச் சுடும் ஏர் ரைஃபிளில் தொடங்குவது நல்லது. போட்டி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பதற்காக அந்த எடையைக் குழந்தை தூக்க வேண்டியதில்லை. சிறுவர்களுக்கென்று எடை குறைந்த, தோளில் பதியும் கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ரகங்கள் உண்டு. அளவு பொருந்தாத துப்பாக்கி கையில் இருந்தால் குழந்தை முதுகை வளைத்து ஈடுகட்டும், அந்த வளைவு பழக்கமாகிவிடும். நின்று சுடும் நிலையே முதுகைப் பின்னுக்கும் பக்கவாட்டுக்கும் வளைக்கிற ஒன்று. அதனால் எதிர்ப்பக்கத் தசைகளுக்கான உடற்பயிற்சி சொல்லித்தருகிற பயிற்சியாளரைப் பாருங்கள்.

ரைஃபிளில் தடித்த ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ், கையுறை என்று செலவு தொடரும், குழந்தை வளர வளர மாற்றவும் வேண்டும். பிஸ்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நல்ல ஷூவும் காதுக்கு ஒரு மூடியும் இருந்தால் போதும்.

எனக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது, கண்ணாடி போடுகிறேன். மேலும் வலக்கைக்காரன், ஆனால் இடக்கண் ஓங்கியது என்கிறார்கள். எது ஒத்துவரும்?

2024 பாரிஸில் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகேச்சுக்கு அப்போது வயது 51. தினமும் போடும் கண்ணாடியோடு, இரு கண்ணையும் திறந்தபடி நின்று சுட்டார். மறு கையைப் பாக்கெட்டில் விட்டிருந்ததைப் பலர் ஸ்டைல் என்று ரசித்தார்கள். பிஸ்டல்காரர்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள். சும்மா தொங்கும் கை உடம்பை ஆட்டும்.

வெள்ளெழுத்து வந்தவருக்குப் பிஸ்டலில் சிரமம் முன் சைட் மங்குவது. படிக்கும் கண்ணாடி அதற்கு மிகப் பக்கம், தூரக் கண்ணாடி மிகத் தூரம். கண் மருத்துவரிடம், நீட்டிய கையின் நுனி தெளிவாகத் தெரிகிற பவர் வேண்டும் என்று அளவெடுத்துச் சொல்லுங்கள். ரைஃபிளின் பின் சைட் ஒரு சின்னத் துளை. துளை வழியாகப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். அந்த வகையில் வயதான கண்ணுக்கு ரைஃபிள் தயவு காட்டும்.

கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்ற பிரச்சினையில் பிஸ்டல் மேல். கழுத்தை லேசாகத் திருப்பினாலே இடக்கண்ணுக்கு நேராக வந்துவிடும். ரைஃபிளில் கன்னம் கட்டையில் பதிந்திருப்பதால் அது நடக்காது. இடக்கண்ணுக்கு ஒரு மறைப்பு வைக்க வேண்டும், அல்லது இடத்தோளுக்கே மாற வேண்டும். மாறுவது முடியாத காரியமில்லை. ஹங்கேரியின் காரோலி டாகாச் 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையை இழந்தபின் இடக்கையால் பழகி, 1948, 1952 ஒலிம்பிக்கில் விரைவுப் பிஸ்டலில் தங்கம் எடுத்தவர்.

பிஸ்டலில் என் குண்டுகள் எல்லாம் கீழே இடப்பக்கமாகவே விழுகின்றன. சைட்டைத் திருகட்டுமா?

நீங்கள் வலக்கைக்காரர் என்றால் சைட்டைத் தொடாதீர்கள். கடிகாரத்தில் 7 மணி இருக்கும் அந்த மூலைதான் ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பவர்களின் நிரந்தர முகவரி. பத்து வந்துவிட்டது, இப்போதே சுட்டுவிட வேண்டும் என்று விரல் அவசரப்படும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும், முனை தாழும்.

காலி என்று உறுதி செய்த துப்பாக்கியோடு, தோட்டாவோ பெல்லட்டோ எதுவும் வைக்காத ஒரு வீட்டு அறையில், வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகுங்கள். முன் சைட் அசையாமல் ட்ரிகர் விடுபட வேண்டும். தோட்டா இல்லாமல் ட்ரிகர் அழுத்தினால் உங்கள் மாடல் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய .22-கள் சிலவற்றில், தோட்டாவை அடிக்கும் அடிமுள் தோட்டா அறையின் விளிம்பைச் சேதப்படுத்தும்.

காதுக்கு எது மோசம்?

ஒரே தோட்டா என்றால் கைத்துப்பாக்கி. குழல் குட்டை, வெடிப்பு முகத்துக்கு அருகில். திடீர்ச் சத்தத்தில் 140 டெசிபெல்லே காதுக்கு ஆபத்து எல்லை. பெரிய கைத்துப்பாக்கிகள் 155-ஐயும் தாண்டும். கூரைக்குக் கீழே சுடும்போது காதடைப்பானும் மேல்மூடியும் இரண்டும் வேண்டும். ஈயத் தூசி தனிக் கவலை. காற்றோட்டமில்லாத உள்ளரங்கைத் தவிர்த்துவிடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் போடாதீர்கள்.

தொடக்கத்திலேயே ஸ்கோப்போ (பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி) ரெட் டாட்டோ (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) மாட்டலாமா?

ஒலிம்பிக் வகை ரைஃபிள், பிஸ்டல் போட்டிகளில் இரண்டுக்கும் அனுமதி இல்லை, எனவே அந்தப் பக்கம் போக நினைப்பவர் வெறும் சைட்டிலேயே பழகட்டும். பொழுதுபோக்காகச் சுடுபவர் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம். ரெட் டாட் உங்கள் கை நடுக்கத்தை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டுவது போலத் தோன்றும். அதைத் துரத்திப் பிடிக்கப் பார்க்காமல் புள்ளி தன்பாட்டில் ஆடட்டும் என்று விட்டு, ட்ரிகரை மட்டும் மெதுவாக அழுத்துங்கள்.